நொக்கோப்புக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

கரையோரக் களஞ்சிய மேற்பார்வைச் சபையில் பாக்கியரத்தினம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த நான்காம் நாள், அவர் எழுதிய ஒரு வசனத்தினால் பதினேழு பேருக்கு மண்டை உடைந்தது.

அது அறுபத்தேழாம் ஆண்டு. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள அரசாங்கக் கந்தோர்கள் தமிழிலும் கருமம் ஆற்றவேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை. திருகோணமலைத் துறைமுக ஓரத்தில் நாலு களஞ்சியங்களும் கடலுக்குள் நீண்ட ஒரு ஜெட்டியும் ஓடு போட்ட ஒரு கந்தோரும் வைத்திருந்த சபை, அந்தக் கட்டளையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டது. ஒரு மேசை வாங்கியது. ஒரு கதிரை வாங்கியது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அகராதி ஒன்றை அலுமாரிக்குள் இருந்து எடுத்துத் தூசி தட்டியது. பிறகு, ஈச்சிலம்பற்றில் பதினெட்டு வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்துக் கொண்டிருந்த பாக்கியரத்தினத்தைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் இருத்தியது.

பாக்கியரத்தினம் ஆங்கிலம் வாசிப்பார். ஆனால் ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்கள் வேலைத்தலத்தில் எப்படிக் கதைப்பார்கள் என்பதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளர் பற்றி அத்தியட்சர் பேணாட் எழுதிய சுற்றுநிருபம் மேசைக்கு வந்தபோது, கடைசி வசனத்தில் தடக்குப்பட்டார். காவற்றலைவர் தினமும் நான்கு மணிக்குத் தொழிலாளர் யாவரையும் ‘நொக் ஓஃப்’ செய்யவேண்டும் என்றிருந்தது. அகராதியைத் திறந்தார். அந்தச் சொல்லுக்கு ஆறு கருத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. ஐந்தைக் கறையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்று: அடித்து வீழ்த்து.

அவருக்கு மனம் ஒப்பவில்லை. என்றாலும் சேர்ந்து நான்கு நாள்தான். ‘நான்கு மணிக்குத் தொழிலாளர் யாவரும் தவறாது அடித்து வீழ்த்தப்படல் வேண்டும்’ என்று எழுதி, ‘இவ்விடம் ஐயம், சரிபார்க்கவும்’ என்று ஒரு துண்டுத் தாளும் குத்தி அனுப்பினார். சுற்றுநிருபங்களில் ஐயம் இருக்கக்கூடாது என்பது சபையின் விதி. பியோன் துண்டைக் கழற்றி எறிந்தான். பேணாட் கையொப்பம் வைத்தார். பேணாட் தமிழர்தான். ஆனால் கண்டியில் படித்தவர். தமிழை வாயால் மட்டும் பாவிப்பவர்.

மூன்றே முக்காலுக்கு அது காவற்றலைவர் குலசிங்கத்தின் கைக்குப் போனது. இருபத்தெட்டு வருடச் சேவையில் ஒரு கட்டளையையும் மீறாத மனிதர் அவர். மூன்று தரம் வாசித்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு எட்டுக் காவலாளிகளையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பொல்லு எடுக்கச் சொன்னார்.

சங்கு ஊதியது. அறுபத்திரண்டு தொழிலாளர்களும் தோளில் இருந்த சாக்கை உதறிக்கொண்டு படலைப் பக்கம் வந்தார்கள். படலை பூட்டியிருந்தது. குலசிங்கம் ஒரு பெட்டிமேல் ஏறி, ஒருவருக்கும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகச் சுற்றுநிருபத்தை முழுமையாக வாசித்துக் காட்டினார். ஆட்கள் சிரித்தார்கள்.

“சிரிக்காதேங்கோ,” என்றார் குலசிங்கம். “என்ர சொந்த விருப்பத்தில நான் இதைச் செய்யேல்லை.”

முதல் பொல்லு பாலையூற்று இக்னேசியஸின் இடது கையில் இறங்கியது. இரண்டு மூட்டையை ஒரேயடியாகத் தூக்குகிற கை அது. காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம், ஜன்னலோரம் இருந்த பாக்கியரத்தினத்துக்கும் கேட்டது. அதன் பிறகு எல்லாம் ஒன்றாகக் கேட்டது. கால் மணித்தியாலத்தில் அறுபத்திரண்டு பேரும் சீமெந்துத் தரையில் கிடந்தார்கள். சீனிச் சாக்கு ஒன்று கிழிந்து, கொட்டிய சீனியில் இரத்தம் ஊறியது. கடைசியாக விழுந்தவர் சம்பூர்ச் சின்னராசா. ஐம்பத்தாறு வயது. “தம்பி, நான் அக்கரைக்குப் போற மூதூர் லோஞ்சைப் பிடிக்கவேணும், கெதியா அடி ராசா,” என்று காவலாளியிடம் கேட்டுத்தான் அவர் அடி வாங்கினார்.

பாக்கியரத்தினம் படி இறங்கி ஓடினார். இக்னேசியஸ் முறிந்த கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு இருந்தான்.

“மாஸ்டர், என்ன எழுதினனீங்கள்?”

“நொக் ஓஃப் எண்டு கிடந்தது, தம்பி. அகராதியில...”

“நொக்கோப்போ?” இக்னேசியஸுக்கு நோவையும் மீறிச் சிரிப்பு வந்தது. “ஐயோ மாஸ்டர், நொக்கோப் எண்டால் வேலை விடுறது! துறைமுகத்தில நாய்க்கும் தெரியும் அது.”

அடுத்தநாள் காலை எட்டு மணிக்கே பாக்கியரத்தினம் அத்தியட்சரின் அறை வாசலில் நின்றார். பிழை தன்னுடையது, சுற்றுநிருபத்தைத் திருத்தவேண்டும், தண்டனை எதுவென்றாலும் ஏற்கிறேன் என்று சொன்னார். பேணாட் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“ஐசே பாக்கியரத்தினம், இங்கிலீஷ் பிரதியில என்ன கிடக்குது எண்டு எனக்குத் தெரியும். நான்தானே எழுதினனான். இங்கிலீஷில அது சரி. தமிழில இது சரி. ரெண்டுக்கும் சம மதிப்பு எண்டு சட்டம் சொல்லுது. இப்ப தமிழ்ப் பிரதியை வாபஸ் எடுத்தால் என்ன கதை வரும்? பேணாட் தமிழுக்கு எதிரி எண்டு கதை வரும்.”

“ஆக்கள் சாகப்போகினம் சேர்.”

“இருவத்திரண்டு வருசமா நான் இங்கிலீஷில சுற்றுநிருபம் எழுதுறன். ஒண்டையாவது ஒருத்தரும் நடைமுறைப்படுத்தினதில்லை. முந்தநாள் வரைக்கும். நேற்றுத்தான் முதல்முறையா, ஒரு எழுத்துப் பிசகாமல், அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு! நான் ஜன்னலில நிண்டு பாத்தனான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.” அவர் உண்மையாகவே கைலேஞ்சியை எடுத்தார். “அப்பிடி வேலை செய்யிற ஒரு தாளை நான் எப்பிடி வாபஸ் எடுக்கிறது?”

நான்கு மணிக்கு முன் வெளியே போனால் பேர் வெட்டப்படும். வராமல் விட்டாலும் வெட்டப்படும். ஆகவே தொழிலாளர் வந்தார்கள். இரண்டாம் நாள், சங்கு ஊதும்போதே எல்லாரும் தாங்களாகத் தரையில் படுத்துக்கொண்டார்கள். குலசிங்கத்துக்கு இது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. விழுந்து கிடப்பவனை வீழ்த்த முடியாது. ஒவ்வொருவராகக் கைகொடுத்து எழுப்பி, நிமிர்த்தி நிறுத்தி, உடுப்பில் இருந்த மண்ணையும் தட்டிவிட்டு, அதன் பிறகே அடித்தார்கள். மூன்றாம் நாள் தொழிலாளர் மூட்டை இழுக்கும் கொழுக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். ஒரு காவலாளியின் கன்னம் வாயில் இருந்து காது வரைக்கும் திறந்தது. குலசிங்கத்தின் தலையில் ஒன்பது தையல். கட்டோடு வந்து அறிக்கை எழுதினார்: ‘தொழிலாளர் திருப்பி அடிக்கக்கூடாது என்று சுற்றுநிருபத்தில் இல்லை. ஆகவே குற்றம் எதுவும் நடைபெறவில்லை.’ கையெழுத்து அழகாக இருந்தது.

இப்படி ஒரு கிழமை போனது. பாக்கியரத்தினம் பகலில் சாப்பிடவில்லை. நான்கு மணி நெருங்கும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவார். கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஐந்து கடிதம் எழுதினார். ஐந்துக்கும் ஒரே பதில் வந்தது: இது சொல் சம்பந்தப்பட்ட விடயமாகையால் சொல்லாய்வுக் குழு நேரில் வந்து ஆராயும்.

குழு ரயிலில் வந்தது. மூன்று பேர். தலைவர் உயரமாக, மூக்குக் கண்ணாடியோடு இருந்தார். மற்ற இருவரும் அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதிலும் ஆட்டாமல் விடுவதிலும் பெயர்பெற்றவர்கள். வாடிவீட்டில் மத்தியானம் சாப்பிட்டு, வளவுக்குள் வந்த மான்களுக்கு மிச்சப் பாண் துண்டுகளைப் போட்டுவிட்டு, பேணாட்டின் அறையில் கூடினார்கள். பாக்கியரத்தினம் எழுந்து நின்று சொன்னார்.

“ஐயா, இது வேலையை நிறுத்துறதைக் குறிக்கிற சொல். ‘நான்கு மணிக்கு வேலை நிறுத்தம்’ எண்டு போட்டால் முடிஞ்சுது.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“வேலைநிறுத்தமா? ஓர் அரச சபை நாள்தோறும் வேலைநிறுத்தம் செய்யும்படி கட்டளையிடுவதா? நீர் எந்தத் தொழிற்சங்கம்?”

“அப்ப ‘வேலை விடும்’ எண்டு...”

“நண்பரே, மூலத்தில் ஓர் அடி இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அந்த அடி இல்லையென்றால் அதை வாசிக்கும் தமிழன் ஏமாற்றப்படுகிறான். ஆங்கிலேயனுக்கு ஓர் அடி, தமிழனுக்கு ஒன்றுமில்லையா? இதற்காகவா நாங்கள் மொழியுரிமை கேட்டோம்? அடி இருக்கவேண்டும். எந்த அடி என்பதுதான் கேள்வி.”

இரண்டாமவர், ‘அடித்து’ என்பது கொச்சை என்றார். மூன்றாமவர், ‘வீழ்த்தல்’ போர்க்களச் சொல் என்றும் களஞ்சியத்துக்கு ஒவ்வாது என்றும் சொன்னார். இரண்டு நாள் விவாதித்தபின் மூன்று ஒத்த சொற்கள் எஞ்சின: தட்டி வீழ்த்தல், மோதி அகற்றல், தள்ளி விழுத்தல். எது பொருத்தம் என்பதைக் கதிரையில் இருந்துகொண்டு தீர்மானிப்பது விஞ்ஞானம் ஆகாது என்று தலைவர் கூறினார். மூன்றையும் நான்கு மணிக்குச் செய்துபார்ப்பது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை, தட்டி வீழ்த்தல். பொல்லுக்கு அனுமதி இல்லை; உள்ளங்கை மட்டும். இக்னேசியஸ் போன்றவர்களை விழுத்த முப்பது, நாற்பது அறை தேவைப்பட்டது. இரண்டு பேருக்குக் காதுச் சவ்வு கிழிந்தது. காவலாளிகளின் மணிக்கட்டு வீங்கியது. “வினை நீள்கிறது,” என்று தலைவர் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, மோதி அகற்றல். பத்து மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிலைக் களஞ்சியத்தின் சரிவில் இருந்து விட்டார்கள். வரிசையாக நிறுத்தப்பட்டவர்களில் ஏழு பேரை அது கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்தது. ஒருவனின் முழங்கால் பின்பக்கமாக மடிந்துபோனது. அவன் அலறிய அலறலில் ஜெட்டியில் இருந்த கடற்காகங்கள் எழும்பிச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் பறந்தன. குழு குடைக்குக் கீழே நின்று, ‘அகற்றல்’ என்பதற்குத் தூரம் போதாது என்று அபிப்பிராயப்பட்டது.

புதன்கிழமை, தள்ளி விழுத்தல். ஜெட்டியின் விளிம்பில் எல்லாரையும் நிறுத்தினார்கள். கடற்கரை ஆட்கள்தானே, நீந்துவார்கள் என்று பேணாட் சொன்னார். நீந்தத்தான் செய்தார்கள். ஒவ்வொருவராக விழுந்து, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு ஏணியைப் பிடித்து ஏறினார்கள். சின்னராசாவின் முறை வந்தபோது கீழே கட்டியிருந்த சரக்குப் படகு அலைக்கு ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது. அவருடைய பிடரி இரும்பு விளிம்பில் பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. இளநீர் சீவினால் வரும் சத்தம்தான்.

இக்னேசியஸ் கட்டுப் போட்ட கையோடு குதித்தான். ஒற்றைக் கையால் அவரைச் சேர்ட்டில் பிடித்து மேலே கொண்டுவந்தபோது, தண்ணீர் சுற்றிவர ஒரு பாயளவு சிவந்திருந்தது. சின்னராசா கண்ணைத் திறந்தபடி கிடந்தார். பாக்கியரத்தினம் பக்கத்தில் முழந்தாளிட்டு அந்தக் கண்ணை மூடினார்.

அன்று பின்னேரமே குழு அவசரமாகக் கூடியது. எதிரில் இருந்த கேள்வி ஒன்றுதான்: இறந்தவர் விழுந்தாரா, விழுத்தப்பட்டாரா?

“தள்ளியது காவலாளி,” என்றார் தலைவர். “அதை மறுக்கவில்லை. ஆனால் தள்ளலுக்கும் இரும்புக்கும் இடையே ஏழு அடி காற்று இருக்கிறது. அந்த ஏழு அடியிலும் காவலாளியின் கை இல்லை. அங்கே விழுந்தவர் தாமாகவே விழுகிறார். ஆகவே இது பிறவினை அன்று. தன்வினை. பாக்கியரத்தினம் இலக்கண ஆசிரியர். அவரே எழுதட்டும்.”

சபையின் அனுதாபக் கடிதம் தயாரானது: ‘தங்கள் கணவர் சபையின் சொல்லாய்வுப் பணியில் பங்கேற்றிருந்தவேளை தன்வினையால் விழுந்து காலமானார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.’ சபையின் எல்லாக் கடிதங்களும் மகிழ்ச்சியுடனேயே அறியத்தருவது வழக்கம். அதைத் தனியாக மாற்ற அனுமதி கிடைக்கவில்லை.

பாக்கியரத்தினம் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மூதூர் லோஞ்சில் ஏறி, அங்கிருந்து சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சம்பூருக்குப் போனார். சின்னராசாவின் மனைவி பூரணி முற்றத்தில் பனையோலைப் பாயில் இருந்தாள். அழுது முடித்த முகம்.

“வாசியுங்கோ,” என்றாள்.

அவர் வாசித்தார். தன்வினை என்ற இடத்தில் நிறுத்தினார். அந்தச் சொல் எப்படி வந்தது, அதற்கு முந்திய சொல் எப்படி வந்தது, முதலாவது சொல்லை எழுதியது யார் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தார். துப்பினாலும் துடைப்பதில்லை என்று லோஞ்சிலேயே தீர்மானித்திருந்தார்.

பூரணி துப்பவில்லை. “என்ன சொல் எண்டனீங்கள்?”

“நொக் ஓஃப்.”

“நொக்கோப்பே?” அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஒவ்வொரு நாள் விடியவும் அந்தாள் சொல்லிப்போட்டுத்தானே போறவர், நொக்கோப் அடிச்ச உடன வந்திடுவன், கறியை இறக்கி வையெண்டு. நொக்கோப் எண்டால் வீட்ட வாறது. பள்ளிக்கூட வாசல் மிதியாத எனக்கே தெரியும். உங்களில ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?”

கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அடுத்த கிழமை சின்னராசாவின் சாவு கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மூலையில் வந்தது. அன்றே தலைமைக் கந்தோரில் இருந்து பேணாட்டுக்குத் தந்தி பறந்தது. ஆங்கிலத்தில் மூன்றே மூன்று சொற்கள்: நொக் இட் ஓஃப்.

பேணாட் வெளிறிய முகத்தோடு பாக்கியரத்தினத்தை அழைத்தார். குலசிங்கமும் வந்து விறைப்பாக நின்றார்.

“இதை நிப்பாட்டச் சொல்லி வந்திருக்குது. குலசிங்கம், இண்டையோட எல்லாத்தையும் நிப்பாட்டும்.”

“எழுத்தில தாங்கோ ஐயா,” என்றார் குலசிங்கம். “தமிழில. வாய்க் கட்டளை செல்லாது.”

“பாக்கியரத்தினம், ‘நிறுத்துக’ எண்டு எழுதும்.”

“ஏலாது சேர்.”

அந்த அறையில் அப்படி ஒரு சொல் முன்பு கேட்டதில்லை. பாக்கியரத்தினம் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

“நொக் ஓஃப் எண்டதுக்குக் குழு முடிவாத் தந்த சொல் ‘அடித்து வீழ்த்துக’. மற்ற மூண்டையும் பரிசோதிச்சுப்போட்டு, முதலாவதே திறம் எண்டு முத்திரை குத்தி வைச்சிருக்கினம். வேற சொல் எழுதவேணும் எண்டால், முந்தி எழுதினது பிழை எண்டு நீங்கள் ஒரு தாளில கையெழுத்து வைக்கவேணும். சின்னராசா தன்வினையால சாகேல்லை எண்டும் அதில இருக்கவேணும். நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். வையுங்கோ. உடன ‘நிறுத்துக’ எண்டு எழுதித்தாறன்.”

தாளை மேசையில் வைத்தார். பேணாட் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைத் திரும்பவும் வாசித்தார்.

“நான் கையெழுத்து வைக்காட்டில், இந்தத் தந்தியைத் தமிழில எப்பிடி எழுதுவீர்?” என்று மெல்லக் கேட்டார்.

“‘அதை அடித்து வீழ்த்துக.’”

“ஐயா,” என்றார் குலசிங்கம், “‘அது’ எண்டால் எது?”

பாக்கியரத்தினம் பதினெட்டு வருடம் படிப்பித்த குரலில் சொன்னார். “கிட்ட இருக்கிறதைச் சொன்னால் ‘இது’. எட்ட இருக்கிறதைச் சொன்னால் ‘அது’. சொல்லுறவர் இருக்கிறது கொழும்பில. கொழும்பில இருந்து பாத்தால் எட்ட இருக்கிறது இந்தக் கந்தோர்தான்.”

குலசிங்கம் சுவரையும் கூரையையும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

பேணாட் பேனையை மூடினார். “நீங்கள் சின்ன ஆக்கள், உங்களுக்கு இது விளங்காது. கட்டடம் விழுந்தால் திருப்பிக் கட்டலாம். சபை பிழைவிட்டது எண்டு ஒருக்கால் எழுதிவிட்டால், அதை ஆரால திருப்பி எழும்பப்பண்ண ஏலும்?” அவர் எழுந்து, தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். “கட்டளையை எழுதி அனுப்பும்.”

சங்கு ஊத இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. குலசிங்கம் ஒன்பது தையல் தலையோடு பெட்டிமேல் ஏறிக் கட்டளையை வாசித்தார். தொழிலாளர் அசையவில்லை, கொழுக்கியைத்தான் இறுக்கிப் பிடித்தார்கள். அவர்களை நம்பவைக்க அவரே முதலாவது ஆளாகப் போய்க் கந்தோர்க் கதவை உதைத்தார். அதன் பிறகு சொல்லவேண்டியிருக்கவில்லை. சம்மட்டியும் அலவாங்கும் வந்தன. காவலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் நின்று அடித்தார்கள். இக்னேசியஸ் ஒற்றைக் கையால் தூணை ஆட்டினான். ஓடுகள் மழையாகக் கொட்டின. ஒன்று, இன்னும் கொழும்பு திரும்பாத குழுத் தலைவரின் குடையைக் கிழித்து, அவருடைய மூக்குக் கண்ணாடியையும் மூக்கையும் உடைத்தது. “தன்வினை! தன்வினை!” என்று தொழிலாளர் கத்தினார்கள்.

அன்று கணவரின் எட்டுச் செலவுச் சடங்குக்கு உப்பும் கற்பூரமும் வாங்க நகரத்துக்கு வந்திருந்த பூரணி, சத்தம் கேட்டுப் படலைக்குள் நுழைந்தாள். ஒரு சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த பையைப் பாக்கியரத்தினத்திடம் கொடுத்துவிட்டு, இக்னேசியஸிடம் இருந்து அலவாங்கை வாங்கினாள்.

முற்றத்து வெயிலில் கதிரையில் இருந்த பேணாட் துள்ளி எழுந்தார். “நிப்பாட்டு! அவ சபை ஊழியர் இல்லை! அவவுக்கு இடிக்க அதிகாரம் இல்லை!”

குலசிங்கம் சட்டைப்பையில் இருந்து கட்டளையை எடுத்து விரித்து, தூசியைத் தட்டி, மூன்று தரம் வாசித்தார்.

“ஆர் இடிக்கவேணும் எண்டு இதில எழுதேல்லை ஐயா,” என்றார். “அடியுங்கோ அக்கா.”